காயா: புதர் என்று எழுதப்பட்ட மரம்

கடவுளுக்கே நிறம் கடன் கொடுத்த மரம் ஒன்று தமிழில் உண்டு. பெயர் காயா. திருமாலைக் 'காயாம்பூ வண்ணன்' என்று சொல்லும் வழக்கம் ஆழ்வார்கள் காலத்திலிருந்து இன்றுவரை வருகிறது. கல்யாணப் பத்திரிகையில், பஜனையில், பாட்டிமார் வாயில் எல்லாம் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் அந்தப் பூ எது, எந்த மரத்தில் பூக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில். "ஏதோ பழைய காலத்துப் பூ."

பழைய காலத்துப் பூ இல்லை. தாம்பரத்திலிருந்து வண்டலூர், நன்மங்கலம், செங்கல்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும், பாறைக்குன்றும் செம்மண்ணும் புதர்க்காடும் மிச்சம் இருக்கும் இடங்கள்தான் இந்த மரத்தின் சொந்த ஊர். தோள் உயரத்துக்கு, பச்சைப் பசேலென்று, அடியிலிருந்து ஏழெட்டுக் கிளைகளாகப் பிரிந்து நிற்கும். பார்க்கிறவர்கள் செடி என்பார்கள். அது செடி போல நிற்பதற்குக் காரணம் அதன் இயற்கை இல்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. துணி, சாயம், விறகு, ரயில், வருவாய்க் கணக்கு எல்லாம் அதில் வருகின்றன.

இலையை வெயிலுக்கு நேரே பிடியுங்கள்

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்வோம். தாவரவியலில் இதன் பெயர் மெமிசைலான் அம்பெல்லேட்டம். மெமிசைலான் எடுலே என்ற பெயரும் பழைய நூல்களில் அடிக்கடி வரும். 'எடுலே' என்றால் உண்ணத்தக்கது. ஆங்கிலத்தில் 'அயர்ன்வுட்', இரும்பு மரம். நம் பக்கத்தில் காயா, காசா, காசான் என்று பல பெயர்கள். மலையாளத்தில் காயாம்பூ, காசாவு. தெலுங்கில் அல்லி, அதாவது நம்முடைய குளத்து அல்லிக்கு எந்த உறவும் இல்லாத அல்லி. மராத்தியில் அஞ்சனி. சிங்களத்தில் கொரகஹ. சிங்களத்தில் 'கஹ' என்றால் மஞ்சள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக வரும். நீள்வட்டம், தோல் மாதிரித் தடிப்பு, மேலே பளபளப்பு. காம்பு மிகச் சிறியது. ஒரு இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடு நரம்பு தெரியும். பக்க நரம்புகள் கண்ணுக்கே தெரியாது. இதுதான் முக்கியமான அடையாளம். இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றச் செடிகளில் இலையின் அடியிலிருந்து நுனிவரை மூன்று, ஐந்து என்று நரம்புகள் கோடு போட்டதுபோல ஓடும். காயாவில் அது இல்லை. இந்த முரண்பாட்டால்தான் சில தாவரவியலாளர்கள் இதைத் தனிக் குடும்பமாகவே பிரித்து வைத்தார்கள்.

குழப்பம் வரக்கூடிய மரங்கள் மூன்று. இளம் நாவல் மரத்துக்கும் எதிரெதிர் இலைதான், பளபளப்புதான். ஆனால் நாவல் இலையைக் கசக்கினால் வாசம் வரும், விளிம்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடும். காட்டு எலுமிச்சைக்கு முள் உண்டு, கசக்கினால் எலுமிச்சை மணம். வீரை மரத்தின் இலை கரும்பச்சையாக இருந்தாலும் மாற்றடுக்கில், ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கமாக வரும். எதிரெதிர் இலை, மணம் இல்லை, முள் இல்லை, பக்க நரம்பு தெரியவில்லை என்றால் காயாவாக இருக்க நல்ல வாய்ப்பு.

பூ பூத்துவிட்டால் சந்தேகமே வராது. மற்ற மரங்களைப் போலக் கிளை நுனியில் பூக்காது. இலைக் கக்கத்திலும், இலை உதிர்ந்துபோன பழைய கிளையின் கணுக்களிலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு பூக்கும். ஒவ்வொரு பூவும் ரொம்பச் சின்னது. இளஞ்சிவப்புக் கிண்ணம் ஒன்று, அதன்மேல் நாலு நீல இதழ்கள், நடுவில் எட்டு மகரந்தத் தாள்கள், அவையும் நீலம். ஒரு பூவைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. பத்தாயிரம் பூ ஒரே நேரத்தில் மலரும்போது கிளையே தெரியாது. நீலப் பாசி படர்ந்ததுபோல இருக்கும். சில நாட்கள்தான். அப்புறம் கீழே ஒரு நீல வட்டத்தை விட்டுவிட்டு மறுபடி பச்சைப் புதர் ஆகிவிடும்.

காய் முதலில் பச்சை, பிறகு சிவப்பு, பழுத்தால் கருநீலம். மிளகைவிடப் பெரியது. தலையில் சின்னக் கிரீடம் மாதிரி பூவின் கிண்ண விளிம்பு ஒட்டியிருக்கும். உள்ளே ஒரே விதை. தின்னலாம். லேசான இனிப்பு, அதைவிடக் கூடுதலாகத் துவர்ப்பு. கொண்டைக்குருவிகள் இதற்காகவே வரும்.

பூவைநிலை

சங்கப் புலவர்களுக்கு இந்த மரம் நன்றாகத் தெரியும். முல்லை நிலத்தின் கார்காலப் பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் காயாவும் ஒன்று. முல்லைப்பாட்டில் நப்பூதனார் காயா மலர்வதைக் கண் மையோடு சேர்த்துப் பேசுகிறார். குறுந்தொகையில் அது மயிலின் கழுத்து. வேறு வேறு புலவர்கள், வேறு வேறு உவமைகள். ஆனால் எல்லாரும் அந்த ஒரே நிறத்தைத்தான் பிடிக்கப் பார்க்கிறார்கள். கறுப்பு என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் நிறுத்த முடியாது. மராத்திக்காரர்கள் இன்றும் இதை அஞ்சனி என்றே அழைக்கிறார்கள். அஞ்சனம் என்றால் மை. நப்பூதனார் கண்டதைத்தான் அவர்களும் கண்டிருக்கிறார்கள்.

காயாவுக்குப் பூவை என்றும் ஒரு பெயர். தொல்காப்பியப் புறத்திணையில் 'பூவைநிலை' என்று ஒரு துறையே இருக்கிறது. அரசனை மாயோனோடு ஒப்பிட்டுப் புகழ்வது அதன் பொருள் என்று சொல்வார்கள். பின்னால் வந்த புறப்பொருள் இலக்கணம், காட்டில் பூத்த காயாவைப் பார்த்து மாயோன் நிறத்தை நினைப்பதாக அதை விளக்கியது. அதாவது ஒரு காலத்தில் காட்டு வழியே போகிற ஆளுக்கு அந்த மரம் கண்ணில் படும், படும்போது மனதில் ஒன்று நிகழும் என்பதை இலக்கணமே எடுத்துக்கொண்டு பேசியிருக்கிறது. இன்றைக்கு அந்த வரிசை தலைகீழ். மாயோனைத் தெரியும், 'காயாம்பூ வண்ணன்' தெரியும். மரம் மட்டும் காணோம்.

இலக்கியத்தில் காயாவின் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது. உரையாசிரியர்கள் 'ஒரு மரம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் பூவைப் பாடியவர்கள் பாடிக்கொண்டிருந்தபோது, இலையை மூட்டை கட்டிக்கொண்டு போன இன்னொரு கூட்டமும் இருந்தது.

சிவப்புக்குப் பின்னால் ஒரு பச்சை இலை

மதராஸ் என்ற ஊர் ஏன் உண்டானது? ஒரு வார்த்தையில் பதில்: துணி. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த மணல்கரையில் இடம் வாங்கியது துறைமுகத்துக்காக அல்ல. இங்கே துறைமுகமே கிடையாது. குரோமண்டல் கரையின் வண்ணத்துணி இங்கே மலிவாகக் கிடைக்கும் என்பதற்காக. நெசவாளர்களுக்கும் சாயக்காரர்களுக்கும் வெளுப்பவர்களுக்கும் இடம் ஒதுக்கித்தான் ஊர் வளர்ந்தது. வண்ணாரப்பேட்டை அப்படி வந்தது. 1734இல் சிந்தாதிரிப்பேட்டை நெசவாளர் குடியிருப்பாகவே போடப்பட்டது.

அந்தத் துணிக்கு ஐரோப்பாவில் அப்படி ஒரு வெறி. பிரான்ஸ் 1686இல் இந்தியச் சாயத்துணிக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1700இலும், அது போதாமல் 1721இல் இன்னும் கடுமையாகவும் சட்டம் போட்டது. பட்டு நெசவாளர்களும் கம்பளி நெசவாளர்களும் அங்கே தெருவில் இறங்கிப் போராடினார்கள். காரணம், நம் துணியின் சிவப்பு வெளுக்கவில்லை. துவைத்தால் இன்னும் கூடுதலாக மின்னியது. அந்தக் காலத்து ஐரோப்பியப் பருத்திச் சாயத்தால் அதைச் செய்ய முடியவில்லை.

அந்தச் சிவப்பு வந்தது சாயவேரிலிருந்து. இம்பூறல் என்ற சின்னச் செடியின் வேர். கடற்கரை மணலில் நீளமாக இறங்கும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இந்த வேரைத் தோண்டும் உரிமையை டச்சுக்காரர்கள் தங்கள் ஏகபோகமாகவே வைத்திருந்தார்கள். அவ்வளவு காசு அதில்.

ஆனால் வேரை மட்டும் கொதிக்க வைத்துத் துணியை முக்கினால் சிவப்பு வராது. அழுக்குப் பழுப்பு வரும், அதுவும் துவைத்தால் போய்விடும். பருத்தி நூல் சாயத்தைத் தானாகப் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தரகர் வேண்டும். பள்ளிக்கூட வேதியியலில் நிறமூன்றி என்று படித்திருப்பீர்கள். பெரும்பாலும் ஒரு உலோக உப்பு. அலுமினியம் இருந்தால் சாயவேர் சிவப்பாகும். இரும்பு இருந்தால் கறுப்பை ஒட்டிப் போகும். ஒரே வேர், ஒரே அண்டா. துணியில் எந்த இடத்தில் எந்த உப்பைத் தடவியிருக்கிறோமோ அந்த இடத்தில் அந்த நிறம். சிவப்பும் கறுப்பும் கலந்த கலம்காரித் துணி ஒரே கொதிப்பில் வெளியே வருவது இப்படித்தான்.

1742இல் புதுச்சேரியிலிருந்த சேசுசபைப் பாதிரியார் கேர்து இந்த வேலைமுறையை ஒவ்வொரு படியாக எழுதி ஊருக்குக் கடிதம் அனுப்பினார். தன்னிடம் மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கலவையில் துணியை ஊறவைப்பது, படிகாரத்தால் வரைவது, வேரோடு கொதிக்கவைப்பது எல்லாம் அதில் வருகிறது. இன்றைய மொழியில் அதைத் தொழில் உளவு என்று சொல்லலாம். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றும் தெரிந்த அறிஞர் அவர். செய்த வேலை உளவுதான்.

இந்த இடத்தில்தான் காயா வருகிறது. காசா இலை, தெலுங்குப் பக்கத்தில் அல்லி இலை. சாயவேரோடு சேர்த்துக் கொதிக்கவைக்கப்பட்ட துணைப்பொருள்களில் ஒன்று. இலையைத் தனியாகக் காய்ச்சினால் மஞ்சள் கிடைக்கும். சிங்களப் பெயரில் உள்ள 'கஹ' அதைத்தான் சொல்கிறது. சாயவேரோடு சேர்ந்தால் சிவப்பைத் திடமாக்கும். கடுக்காய், வர்த்தங்கிக் கட்டை இரண்டோடும் சேர்ந்தால் பாய் முடைகிற கோரைக்கு அடர்ந்த சிவப்புக் கொடுக்கும். 19ஆம் நூற்றாண்டில் வந்த பயன்தாவர நூல்கள் இதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்கின்றன. படிகாரத்தைவிட இந்த இலை மேல் என்ற கருத்தும் அவற்றில் உண்டு. மரத்தின் இன்னொரு பழைய லத்தீன் பெயர் டிங்டோரியம். சாயத்துக்கானது என்று அர்த்தம்.

ஏன் படிகாரத்தோடு ஒரு இலையை ஒப்பிட வேண்டும்? காரணத்தை நவீன வேதியியல்தான் சொல்லியது. பெரும்பாலான செடிகளுக்கு அலுமினியம் விஷம். மண்ணில் கரைந்திருந்தால் வேரிலேயே தடுத்துவிடும். மெமிசைலான் இனத்து மரங்கள் நேர்மாறு. அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். படிகாரம் என்பதும் அலுமினிய உப்புதான். அதாவது காயா இலையைக் கொதிக்க வைத்த சாயக்காரர் அண்டாவுக்குள் அலுமினியத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். தனிம அட்டவணை கிடையாது, அலுமினியம் என்ற உலோகமே தனியாகப் பிரிக்கப்படாத காலம். எத்தனையோ பச்சை இலைகள் இருக்கும் காட்டில், எந்த இலை நிறத்தைப் பிடித்து வைக்கும் என்று கண்டுபிடித்தவர்களுக்குப் பெயர் இல்லை. கடிதம் எழுதியவருக்கு இருக்கிறது.

இந்த அறிவு எப்படிச் செத்தது என்பதற்குத் தேதி இருக்கிறது. சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்ற பொருளை 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த வேதிப்பொருளில் செய்து காட்டினார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் தொழிற்சாலைத் தயாரிப்பு. பிறகு சாயவேரைத் தோண்ட ஆள் தேவையில்லை, இலை மூட்டை வாங்கவும் ஆள் இல்லை. காயா இலையின் வேலை அதோடு முடிந்தது. கட்டைக்கு மட்டும் வேலை இருந்தது.

விறகுத்தொட்டி

இரும்பு மரம் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. கட்டை கனமானது, நெருக்கமான ரேகை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மரத்துக்குள்ளேயே சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பட்டைத் திசு சிதறிக் கிடக்கும். பெரும்பாலான மரங்களில் அந்தத் திசு வெளியே பட்டைக்கு அடியில் மட்டும்தான் இருக்கும். காயாவில் உள்ளேயும் புதைந்திருக்கிறது. தச்சருக்கு இது பெரிய லாபம் இல்லை. மரம் பெருப்பதே ரொம்ப மெதுவாக, நன்றாக வளர்ந்தாலும் சின்ன மரம்தான், பலகை எடுக்கிற அளவுக்குத் தடிப்பு கிடைக்காது. ஆகவே மண்வெட்டிக்கும் கோடரிக்கும் காம்பு, வேலிக்கம்பு, கூரைக்குக் கழி. மிச்சமெல்லாம் விறகு. நின்று எரியும், நல்ல கரி கிடைக்கும்.

அதுவே அதற்கு வினையானது. 19ஆம் நூற்றாண்டு மதராஸை ஒரு பெரிய அடுப்பாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். லட்சக்கணக்கான பேர் சமைக்க வேண்டும், செங்கல் சூளை எரிய வேண்டும், சுண்ணாம்பு வேக வேண்டும். மண்ணெண்ணெய், எரிவாயு எதுவும் இல்லை. எல்லாம் விறகு. 1856இல் மதராஸிலிருந்து ரயிலும் ஓட ஆரம்பித்தது. ஆரம்பகால எஞ்சின்கள் விறகையும் தின்றன. அதே 1856இல்தான் மதராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தது வெறும் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. தண்டவாளத்துக்குக் கட்டை வேண்டும், எஞ்சினுக்கு விறகு வேண்டும், காடு கரைகிறது என்ற கவலை அரசுக்கே வந்துவிட்டது. 1860களில் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் போட ஆரம்பித்ததும் இதே விறகுக் கவலையால்தான். இன்றைக்கு நம் கரையோரத்தின் சொந்த மரம் போல நிற்கும் சவுக்கு, விறகுக்காக வரவழைக்கப்பட்ட விருந்தாளி.

1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. காடுகள் காப்புக்காடுகள் ஆயின. காப்பு என்ற சொல்லை இன்றைய அர்த்தத்தில் படித்தால் ஏமாந்துபோவோம். செங்கல்பட்டுப் பக்கத்துக் காப்புக்காடுகளின் முக்கியமான வேலை நகரத்துக்கு விறகு கொடுப்பது. காட்டைக் கூப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூப்பையும் சுழற்சி முறையில் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் தரையோடு வெட்டிக்கொள்ளலாம். வேரைத் தோண்டக்கூடாது. சில வருடங்களில் கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வரும், அடுத்த சுற்றில் மறுபடி வெட்டு. கூப்பிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து ரயில், ரயிலிலிருந்து நகரத்து விறகுத்தொட்டி. சென்னையில் ஐம்பது வயது தாண்டியவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், தெருமுனை விறகுத்தொட்டி ஞாபகத்தில் இருக்கும்.

இந்த வெட்டுக்கு எல்லா மரமும் ஒரே மாதிரித் தாக்குப்பிடிக்காது. காயா தாக்குப்பிடிக்கும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து ஐந்தாறு துளிர் வரும். அதை வெட்டினால் பத்து. ஆடு மாடும் இந்தத் தடித்த இலையைப் பெரிதாக விரும்புவதில்லை. ஆக, ஒவ்வொரு வெட்டிலும் காயா சாகாமல் குள்ளமாகிக்கொண்டே வந்தது. நாம் பார்க்கும் அந்தத் தோள் உயரப் புதர், அடியில் பல கிளைகளாகப் பிரிந்து நிற்கிறதே, அது ஒரு பதிவேடு. புதரின் அடியில் குனிந்து மண்ணை விலக்கிப் பார்த்தால் முண்டும் முடிச்சுமாக, மேலே உள்ள கிளைகளுக்குச் சம்பந்தமே இல்லாத தடிமனில் ஒரு அடிக்கட்டை இருக்கும். மேலே இருப்பது சில வருடத்துத் துளிர். கீழே இருப்பதற்கு வயது பல தலைமுறை.

மரம் இயல்பில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கோயில்காடுகளுக்குப் போக வேண்டும். மரக்காணம் பக்கம் புத்துப்பட்டு மாதிரி, சாமிக்குப் பயந்து யாரும் கோடரி எடுக்காத இடங்கள். 1990களில் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கரையோரக் கோயில்காடுகளில் மரம் மரமாக எண்ணினார்கள். மிக அதிகமாகத் தென்பட்ட மரங்களில் காயாவும் ஒன்று. அங்கே அது புதர் இல்லை, நிமிர்ந்து நிற்கும் மரம். அதே இனம், அதே மழை, ஏறத்தாழ அதே மண். வித்தியாசம் கோடரி மட்டும்தான். மகாபலேஷ்வர் மலையிலும் காயாதான் காட்டின் முக்கியமான மரம்.

டீஃபால்ட் வேல்யூ

ஆக, 'புதர்க்காடு' என்று நாம் சொல்வது ஒரு நில வகையின் பெயரே இல்லை. ஒரு சம்பவத்தின் பெயர். இந்தக் கரையின் இயல்பான காட்டுக்கு வன வகைப்பாட்டில் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். வருடத்தில் பாதிக்கு மேல் வறட்சி, ஆனாலும் இலை உதிர்க்காத காடு. பாலை, வீரை, காயா, கருங்காலி எல்லாம் அதன் குடிமக்கள். உலகத்திலேயே இந்த வகைக் காடு ரொம்பக் குறைவான இடங்களில்தான் இருக்கிறது. அதில் நன்றாக இருப்பவை சிதறிய துண்டுகள் மட்டுமே. வெட்டி வெட்டிக் குட்டையான மிச்சத்துக்குத்தான் புதர்க்காடு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பெயர் வைப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிற எனக்கு இது வேறு மாதிரிப் படுகிறது. ஒரு டேட்டாபேஸில் ஒரு கட்டத்துக்கு என்ன போடுவது என்று தெரியாதபோது டீஃபால்ட் வேல்யூ ஒன்று வைப்போம். பத்து வருடம் கழித்து வருகிற ஆள் அதை உண்மையான தகவல் என்று எடுத்துக்கொண்டு அதன் மேலே முடிவுகள் எடுப்பான். வருவாய்க் கணக்கில் 'தரிசு', 'புறம்போக்கு', 'புதர்' எல்லாம் அந்த மாதிரி டீஃபால்ட் வேல்யூக்கள்.

ஒரு காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் கவனமாக இருந்தது. செங்கல்பட்டு ஜாகீர் 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனிக்குப் போன பிறகு, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். ஒவ்வொரு ஊருக்கும் வீடு, ஏரி, மலை, காடு என்று தனித்தனியாக விவரம். அதற்கு ஆதாரமான ஊர்க்கணக்குகள் தமிழில் ஓலையில் இருந்தன. அந்தக் கணக்கில் காடு என்பது ஊரின் ஒரு பகுதி. அங்கிருந்துதான் தழை, விறகு, மேய்ச்சல். பின்னால் வந்த ஆட்சிக்கு வரி வரும் நிலம், வராத நிலம் என்ற பிரிவே முக்கியமானது. வரி வராததெல்லாம் தரிசு. காயா நிற்கும் இடம் அந்தப் பக்கத்தில் விழுந்தது.

தாம்பரம் பக்கத்தில் எதெல்லாம் தப்பித்தது என்று பார்த்தால் அதற்கும் ஒரு ஒழுங்கு தெரிகிறது. காட்டுக்காகத் தப்பித்தது குறைவு. வேறு ஏதோ காரணத்துக்காக வேலி போட்டதால் தப்பித்ததே அதிகம். மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தபோது சேலையூர்க் காட்டில் ஏறத்தாழ 365 ஏக்கர் அதன் வேலிக்குள் போனது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் ஓய்வு நேரத்துத் தாவரவியலாளர். அவரும் மனைவி ஆலிஸும் அந்த வளாகத்தின் மரங்களுக்காகச் செய்த வேலை இன்றும் பேசப்படுகிறது. கிண்டியில் கவர்னர் மாளிகைத் தோட்டம் என்பதால் காடு தப்பியது, 1978இல் தேசியப் பூங்கா ஆனது. வண்டலூரில் 1985இல் மிருகக்காட்சிசாலை வந்தது. நன்மங்கலத்தில் கல்குவாரிப் பள்ளத்தைச் சுற்றிய காப்புக்காடு மிச்சமிருக்கிறது. இந்த வேலிகளுக்கு வெளியே இருந்ததெல்லாம் பிளாட் ஆகிவிட்டது, அல்லது ஆகிக்கொண்டிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நான் குடியிருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு லேஅவுட்டுக்காக நிலம் சமன் செய்தார்கள். வேப்பமரம் இரண்டையும் ஒரு புங்கையும் விட்டுவைத்தார்கள். அதை விளம்பரப் பலகையிலும் போட்டார்கள். மற்றதெல்லாம் ஜேசிபிக்குப் போனது. ஓட்டியவர் ஒரு காயாக் கட்டையோடு கால்மணி நேரம் மல்லுக்கட்டினார். "செடி மாதிரிதான் சார் இருக்கு. வேரு விட மாட்டேங்குது" என்றார். மேலே தெரிந்தது இடுப்பு உயரம். பிடுங்கி எடுத்தபோது கீழே ஒரு ஆள் இடுப்புத் தடிமனில் வேர்க்கட்டை. அன்றைக்கு அங்கே இருந்ததிலேயே வயதான உயிர் அதுவாகத்தான் இருக்கும். வேம்பை விட்டுவைத்தவர்கள் மோசமானவர்கள் இல்லை. மரம் என்றால் அவர்களுக்கு ஒரு உருவம் இருந்தது. ஒற்றைத் தண்டு, மேலே குடை. காயா அந்த உருவத்தில் இல்லை.

நம்முடைய நல்லெண்ணத்துக்கும் அதே உருவம்தான் இருக்கிறது. மரம் வெட்டினால் பதிலுக்குக் கன்று நடுங்கள் என்கிறோம். மார்பளவு உயரத்தில் சுற்றளவு அளந்து மரத்தை எண்ணுகிறோம். நூறு தடவை வெட்டுப்பட்டு மார்பளவுக்கு வராத ஒன்று அந்த எண்ணிக்கையில் எப்படி வரும்? வெட்டியதற்கே கணக்கு இல்லை என்றால் ஈடுகட்டுவதற்கும் கணக்கு இருக்காது. ஈடாக நடுவது பெரும்பாலும் வேகமாக வளர்கிற மரம். இரண்டு வருடத்தில் நிழல் கொடுக்கும், படம் எடுக்கலாம், புயலில் விழும். காயாவின் காலக்கணக்கு வேறு. விதையிலிருந்து ஆரம்பித்தால் ஒரு மனித ஆயுளின் பாதியைக் கேட்கும். ஆரோவில்லில் 1970களிலிருந்து இந்தக் காட்டை மறுபடி வளர்ப்பவர்கள் அந்தப் பொறுமையோடுதான் செய்கிறார்கள்.

தாம்பரத்துக்கு ஒரு சாதகம் இருக்கிறது. இங்கே நட வேண்டிய அவசியம்கூட இல்லாத இடங்கள் உண்டு. பழைய வேர்க்கட்டை உயிரோடு இருக்கும் நிலத்தில் வெட்டையும் தீயையும் ஜேசிபியையும் நிறுத்தினாலே போதும். பல துளிர்களில் ஒன்றிரண்டு மேலே ஏறும், மற்றவை பின்தங்கும், சில பத்தாண்டுகளில் அது தன் பழைய உயரத்தை நோக்கிப் போகும். காட்டின் அடித்தளம் மண்ணுக்குள்ளே தயாராக இருக்கிறது. வேரோடு பிடுங்கிவிட்டால் அந்த வாய்ப்பு அதோடு போயிற்று. பிறகு எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் அது புதுக் கணக்கு.

ஆகவே 'வெறும் புதர்தானே' என்ற பேச்சு எங்கே வந்தாலும், ஊர்க்கூட்டத்திலோ அபார்ட்மெண்ட் அசோசியேஷனிலோ ஏரிக்கரை அழகுபடுத்தும் திட்டத்திலோ, இரண்டு காரியம் செய்து பாருங்கள். ஒரு இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடியுங்கள், பக்க நரம்பு தெரிகிறதா என்று. பிறகு குனிந்து அடியில் எத்தனை தண்டு என்று எண்ணுங்கள். ஒவ்வொரு தண்டும் ஒரு வெட்டுக்குச் சொல்லப்பட்ட பதில்.